தெற்கே சாய்ந்த முளைப்பாரி

இன்று காலை அடுக்களையில் ஈரத்துணி முடிச்சைப் பிரித்தேன். ஊறவைத்துக் கட்டித் தொங்கவிட்டிருந்த பாசிப்பயறு வெள்ளை வெள்ளையாக முளைவிட்டிருந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கை அப்படியே நின்றுவிட்டது. சர்க்கரைக்கு நல்லது என்று டாக்டர் சொன்னாராம். மருமகள் விடாமல் கட்டிவைக்கிறாள். நானும் தின்கிறேன். ஆனால் தின்பதற்கு முன் முளையெல்லாம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுகிறேன். இந்தக் கிறுக்கு எனக்கு எங்கிருந்து பிடித்தது என்று தெரிந்த ஒரே ஆள் நீதான். நீயும் போன மாசியில் போய்விட்டாய்.

நீ என் நாத்தனார். என்னைவிடக் கொஞ்சம் இளையவள். நீ உயிரோடு இருந்தவரை உனக்கு நான் எழுதியதெல்லாம் "இங்கு நலம், உன் நலத்துக்கு எழுது" என்ற அளவில்தான். உன் உயிருக்கு ஏதாவது வந்துவிடுமோ என்ற பயத்திலேயே என் ஆயுசில் பெரும்பகுதியைக் கழித்தேன். அதைக் காகிதத்தில் எழுதினால் நிஜமாகிவிடும் என்று ஓர் எண்ணம். இனிமேல் உனக்கு எதுவும் ஆகிவிட முடியாது. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்த காலம் அது. பொன்னமராவதிப் பக்கத்திலிருந்து வல்லத்திராக்கோட்டைப் பக்கம் உங்கள் வீட்டுக்கு நான் வாழ வந்திருந்தேன். முதல் பிள்ளை உள்ளறையில் பிறந்து, சில நாளிலேயே உடம்பெல்லாம் மஞ்சள் பூத்து, பால் குடிக்கவும் தெம்பில்லாமல் போய்ச் சேர்ந்தது. மறுபடி எனக்கு நாள் தள்ளிப்போனதும் அத்தை மாரியம்மனுக்கு முளைப்பாரி நேர்ந்துகொண்டார்கள். "இந்த உசுரு தங்கணும் தாயே. பங்குனித் திருவிழாவுல எம் மகளே சட்டியத் தூக்கிக்கிட்டு ஒன் வாசலுக்கு வருவா" என்று கும்பிட்டார்கள். மகள் என்றது உன்னை.

நீ அப்போது புதுக்கோட்டையில் டீச்சர் ட்ரெயினிங் படித்துக்கொண்டிருந்தாய். தகரப்பெட்டியோடு லீவுக்கு வந்து இறங்கினாய். பெட்டியில் துணியைவிடக் காகிதம்தான் அதிகம். ஒரு பெரிய அட்டையில் அவரைச் செடி ஒன்றை வேரோடு வரைந்து, ஒவ்வொரு பாகத்துக்கும் கோடு இழுத்துப் பெயர் எழுதியிருந்தாய். வேர், தண்டு, கணு, இலை, மொட்டு, பூ, காய். வகுப்பில் நடத்துவதற்கு முன் யாரிடமாவது நடத்திப் பார்க்கவேண்டும் என்று நிறைவயிற்றோடு இருந்த என்னைப் பிடித்து உட்காரவைத்தாய்.

"வேரு தண்ணிய உறிஞ்சும். தண்டு அதை மேல கொண்டாந்து குடுக்கும். எலைதான் மதினி சமையக்காரி. வெளிச்சத்தை வச்சு அடுப்பு மூட்டி, செடி முச்சூடுக்கும் ஆக்கிப் போடுறது அதுதான்."

"அப்ப இந்த வீட்டுல எலை நான்தானா?"

"நீங்கதான். அதான் இப்புடி வாடிக் கெடக்குறீங்க. எங்க ஆத்தா வேரு. கண்ணுல படாம இருந்துக்கிட்டே எல்லாரையும் புடிச்சு வச்சிருக்கும்."

அத்தை காதில் விழுந்துவிடப் போகிறது என்று உன் வாயைப் பொத்தினேன். நீ என் கையைத் தட்டிவிட்டுச் சிரித்தாய். அந்தப் பங்குனியில் நான் பயமில்லாமல் சிரித்தது அதுதான் கடைசி.

செவ்வாய்க்கிழமை பயறு போட்டார்கள். வாயகன்ற மண்சட்டியில் வைக்கோல் பரப்பி, கண்மாய் மண்ணும் தொழுவத்து எருவும் போட்டு, ஊறவைத்த தட்டாம்பயறு, மொச்சை, பாசிப்பயறு, சோளம் எல்லாவற்றையும் தூவினார்கள். சட்டியை உள்ளறையில் நெற்குதிருக்குப் பக்கத்தில் வைத்து, சுற்றிலும் சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக்கினார்கள். குளித்து ஈரச்சேலையோடுதான் உள்ளே போகவேண்டும். மூச்சுக்காற்று படாமல் வாயில் துணி கட்டிக்கொள்ள வேண்டும். தண்ணீர் தெளித்துவிட்டுப் பேசாமல் வெளியே வரவேண்டும். இதெல்லாம் அத்தையின் கட்டளை. அவர்களே பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு வம்பும் வந்திருக்காது. ஆனால் அவர்களுடைய பிறந்த ஊரில் ஒரு சாவு. போய்வந்தால் தீட்டுக் கழியும் வரை சட்டி இருக்கும் அறைக்குள் நுழையக் கூடாது.

"ரெண்டு பேரு இருக்கீங்கள்ல, பாத்துக்கங்க. கதவை மட்டும் தொறந்து போட்டுராதீங்க" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார்கள்.

இரண்டு பேர் இருந்தோம், இரண்டு பேருக்கும் விவரம் போதாது. என் பிறந்த ஊரில் எல்லாச் சட்டியையும் கோயிலை ஒட்டிய ஒரே வீட்டில் வைத்து வயதான பெண்களே பார்த்துக்கொள்வார்கள். பூச்சுற்றி ஊர்வலத்தில் வரும்போதுதான் மற்றவர் கண்ணில் படும். உன்னையோ சின்னப்பெண் என்று அதுவரை அறைக்குள் விட்டதே இல்லை. இருட்டில் வளரும் பயிர் என்ன நிறத்தில் இருக்கும் என்று நம் இருவருக்குமே தெரியாது.

அதுவரை இருட்டிலேயே தண்ணீர் தெளித்துவிட்டு வந்தோம்; ஒரு நாள் காலையில் சிம்னி விளக்கோடு போய்ச் சாக்கை விலக்கினேன். பயிர் நன்றாகத்தான் வளர்ந்திருந்தது. ஆனால் பச்சையே இல்லை. நூல் நூலாக வெளுத்த தண்டு, அதன் தலையில் விரியாத சின்ன இலை, அதுவும் வெளிறிய மஞ்சள். அதே அறை. என் பிள்ளையின் உள்ளங்கை கடைசியில் அந்த நிறத்தில்தான் இருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வாயில் கட்டிய துணியைக் கடித்துக்கொண்டு அழுதேன்.

நீ வந்து சட்டியைப் பார்த்தாய்.

"இதுக்கா அழுகுறீங்க? வெளிச்சம் இல்லாம எலை என்னத்தை வச்சுச் சமைக்கும்? பட்டினி கெடக்கு, வேற ஒண்ணும் இல்லை. செத்த நேரம் வெளிச்சம் காட்டுனா நாளைக்கே பச்சை புடிச்சுரும்."

"அத்தை தொறக்கக் கூடாதுன்னாங்க."

"கதவைத்தானே தொறக்கக் கூடாதுன்னுச்சு? சன்னலைச் சொல்லலையே."

எலி வருகிறதென்று எப்போதோ பலகை வைத்து அடைத்த சின்னச் சன்னல் ஒன்று அந்த அறையில் இருந்தது. நீ பலகையைத் தள்ளித் திறந்து, அந்தப் பக்கத்துச் சாக்கையும் சுருட்டிக் கட்டினாய். ஒரு முறம் அளவு வெளிச்சம் உள்ளே வந்து சட்டிமேல் விழுந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அன்று பகலில் ஒருவாய் சோறுகூடச் சாப்பிட்டேன்.

மறுநாள் போய்ப் பார்த்தோம். இலை பச்சை பிடிக்கத் தொடங்கியிருந்தது. நீ சொன்னது சரிதான். ஆனால் சட்டியிலிருந்த பயிர் முழுக்க, ஒன்று பாக்கியில்லாமல், ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றது. அந்தச் சன்னல் தெற்குச் சன்னல்.

தெற்கு யாருடைய திசை என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. முளைப்பாரி தெற்கே சாய்ந்தால் அந்த வீட்டில் ஓர் உயிரைக் கேட்கிறது என்பார்கள். யாருக்காக நேர்ந்ததோ அந்த உயிரை. வயிற்றில் கையை வைத்துப் பார்த்தேன். பிள்ளை அசையவில்லை. கொஞ்ச நேரம் அசையவே இல்லை. அந்தக் கொஞ்ச நேரத்தை நான் இன்னும் முழுதாகத் தாண்டி வரவில்லை.

"மதினி, இங்க பாருங்க. அது எமனையும் பாக்கலை, கிமனையும் பாக்கலை. வெளிச்சம் எங்கிட்டு இருக்கோ அங்கிட்டுப் போகுது. தண்டோட கொணம் அது. சன்னல் வடக்க இருந்தா வடக்க போயிருக்கும்."

"அப்ப நம்ம வீட்டுச் சன்னல் ஏன் தெக்க இருக்கு?" என்றேன்.

நீ என் முகத்தையும், வயிற்றில் இருந்த என் கையையும் பார்த்தாய். பிறகு குனிந்து, சட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, அரைச் சுற்றுத் திருப்பி வைத்தாய். சாய்ந்த தலையெல்லாம் இப்போது வடக்கே பார்த்தது. "இப்புடியே கெடக்கட்டும். வெளிச்சத்தைத் தேடி எந்திரிக்கும். நேரா வந்ததும் சன்னலைச் சாத்திருவோம்" என்றாய். அந்தச் சமயத்தில்தான் என் வயிற்றில் பிள்ளை உதைத்தது. உன் கையைப் பிடித்து வயிற்றில் வைத்தேன். சிரித்தாய். உன் கை மட்டும் சில்லென்று இருந்தது.

நீ சொன்னபடியே பயிர் எழுந்து நின்றது. சன்னலைச் சாத்திவிட்டோம். அத்தை தீட்டுக் கழித்து வந்து பார்த்து, "நல்லாத்தான் பாத்திருக்கீங்க" என்று நம் இருவரையும் மெச்சினார்கள். மறுநாள் ஊர்வலம் என்ற நிலையில் பூசாரி வீட்டம்மா வந்தார். வீடு வீடாகப் போய்ச் சட்டிக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து வேப்பிலை சொருகுவது அவர் வேலை. மெதுவாகப் பேசுகிறவர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். அதனால்தான் அவர் சொன்னது என்னை அந்தப் பிடி பிடித்துக்கொண்டது. தெளித்துக்கொண்டே இருந்தவர் ஒரு தண்டை விரலால் நெருடிப் பார்த்தார்.

"பயிரு நேராத்தான் நிக்குது. தண்டு மட்டும் நடுவுல வளைஞ்சு நிமிந்திருக்கே. தெக்க சாஞ்சதைத் திருப்பி வச்சீங்களா?"

வளர்கிற நுனிதான் நிமிருமாம். முற்றிப்போன கீழ்த்தண்டு வளைந்தது வளைந்தபடி நின்றுவிடுமாம். இதைப் பிற்பாடு நீதான் எனக்கு விளக்கினாய். அந்த நேரத்தில் நான் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நாந்தான் திருப்புனேன்" என்றாய்.

"திருப்பக் கூடாதுத்தா. திருப்புனா அது கேட்டது இல்லேன்னு ஆயிராது. திருப்புன கைக்கு மாறிரும்."

"மாறுனா மாறிட்டுப் போகுது" என்று சிரித்தாய்.

"வேணாம்மா, அது எங்கிட்டயே இருக்கட்டும்!" என்று கத்திவிட்டேன். எப்படிக் கத்தினேன் என்று எனக்கே தெரியாது. அந்த அம்மா என் தலையைத் தடவி, "அது நீயும் நானும் சொல்லி வர்றது இல்லை தாயி" என்றார். யார் காதிலும் போடமாட்டேன் என்று அத்தைக்குக் கையடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அத்தையை நான் அதற்கு முன்னும் பின்னும் அப்படிப் பார்த்ததில்லை. இந்தப் பக்கம் மகன் வீட்டுப் பேரப்பிள்ளை, அந்தப் பக்கம் பெற்ற மகள். ஆபத்து ஒருத்தரை விட்டு இன்னொருத்தருக்குப் போய்விட்டது என்றால் ஒரு தாய் எங்கே போய் நிம்மதி அடைவாள்? உப்பும் மிளகாயும் எடுத்து உனக்குச் சுற்றினார்கள். அதே கையோடு எனக்கும் சுற்றினார்கள். அடுப்பில் போட்ட மிளகாய் நெடியே ஏறவில்லை. நெடி வராவிட்டால் தோஷம் பலமாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஊர்வலத்தில் உன் தலையில் சட்டி அசையாமல் வந்தது. குலவைச் சத்தம் காதை அடைத்தது. ஊருணியில் கரைக்க எல்லாப் பெண்களும் இறங்கினார்கள், நீயும் இறங்கினாய். படிக்கட்டெல்லாம் பாசி. கூட்டத்தில் உன் தலை ஒரு நிமிஷம் காணாமல் போயிற்று. நான் வயிற்றோடு படியில் இறங்கப் போனேன். அத்தை என் முழங்கையைப் பிடித்தார்கள். அவர்கள் கண்ணும் தண்ணீரில்தான் இருந்தது. நீ சொட்டச் சொட்ட மேலே வந்து, "என்னமா குளுருது மதினி!" என்றாய். உன்னை அடிக்கலாம் போல இருந்தது எனக்கு.

சித்திரையில் மகள் பிறந்தாள். நிறம் பார்க்க வெளிச்சத்துக்குத் தூக்கிப் போகச் சொன்னேன். நல்ல சிவப்பு. மஞ்சள் கிஞ்சித்தும் இல்லை. நாட்கள் போகப் போகப் பால் குடித்துக் கொழுத்தாள். வீடே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே, நீ எங்கே இருக்கிறாய் என்று தேடினேன். பிள்ளைக்காகப் பயந்த பயம் அப்படியே உன் பக்கம் வந்துவிட்டது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

உனக்கு மீமிசலில் பள்ளிக்கூட வேலை கிடைத்தது. கடற்கரை ஊர். மழை என்றால் பயம், காற்று என்றால் பயம், நீ வரும் பஸ் தாமதமானால் பயம். நீயோ, பக்கத்து வீட்டு மரைக்காயர் அம்மா வாளை மீன் குழம்பு கொடுத்துவிடுகிறார், நான் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டேன் என்று எழுதுவாய். ஒரு கடிதம் இன்னும் எனக்கு மனப்பாடம். "மதினி, இப்போது சரியாகப் படித்துவிட்டேன். வெளிச்சம் படாத பக்கம் தண்டு கூடுதலாக நீளுமாம். வெளிச்சம் படும் பக்கம் அவ்வளவு நீளாதாம். அதனால்தான் தலை வெளிச்சத்தின் பக்கம் சாய்கிறது. வேருக்கு நேர்மாறு, அது இருட்டுக்குள்ளேயே போகும். அன்றைக்கு நம் பயிர் பட்டினியும் கிடக்கவில்லை. விதைக்குள் இருக்கும் வித்திலைதான் அதற்குக் கட்டுச்சோறு. அதைத் தின்றுகொண்டே வெளிச்சம் எங்கே என்று தேடித்தான் அத்தனை உயரம் ஓடுகிறது. வெளுத்திருப்பதுதான் முறை. நான் அவசரப்பட்டுவிட்டேன்." படித்ததும் நன்றாகப் புரிந்தது. அந்த வாரம் நீ வரவேண்டிய பஸ் வர நேரமானபோது, புரிந்தது ஒன்றும் உதவிக்கு வரவில்லை.

உனக்குக் கல்யாணமாகி, அறுபதுகளின் தொடக்கத்தில் தலைப்பிரசவம். அத்தை அப்போது உயிரோடு இல்லை; உனக்குத் தாய்வீடு நான்தான். புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் உன்னைச் சேர்த்தோம். பிள்ளை திரும்பவில்லை, ஆபரேஷன் செய்யவேண்டி வரலாம் என்று டாக்டரம்மா சொன்னார். மத்தியான வெயில் சன்னல் வழியாகக் கட்டிலில் விழுந்துகொண்டிருந்தது. அது எந்தத் திசைச் சன்னல் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"ஏன் மதினி இப்புடி முழிக்கிறீங்க? அந்தச் சட்டியைத்தானே நெனைக்கிறீங்க?"

நான் உன் நெற்றி வியர்வையைத் துடைத்தேன்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றாய்.

"என்ன தெரியும்?"

"திருப்புனா கைக்கு மாறும்னு. அந்தம்மா வந்து சொல்லித்தான் தெரியணுமாக்கும்? சின்னப்புள்ளையில இருந்து ஆத்தா சொல்லிச் சொல்லிக் கேட்டது."

"அப்பறம் ஏண்டி திருப்புன?"

வலி வந்தது. என் கை நரம்பு புடைக்கும்படி இறுக்கினாய். வலி விட்டதும் மெதுவாகச் சொன்னாய்.

"வயித்துல கைய வச்சுக்கிட்டு, புள்ள அசையலைன்னு நின்னீங்களே. அந்த மொகத்தைப் பாத்துக்கிட்டு எப்புடி நிக்கிறது? தண்டு, வெளிச்சம்னு என்னென்னமோ சொல்லிப் பாத்தேன். ஒங்களுக்கு ஏறலை. அந்த நேரத்துல எனக்கே ஏறலை மதினி. யாராவது ஒருத்தர் வாங்கிக்கிட்டாத்தான் தீரும்போல இருந்துச்சு."

உன்னை உள்ளே கொண்டுபோனார்கள். வராந்தாவில் நான் உட்காரவில்லை, நின்றேன். அத்தனை வருஷமும் நீ தெரியாமல் செய்துவிட்டாய் என்று நினைத்துப் பயந்திருந்தேன். தெரிந்தே கை நீட்டி வாங்கியிருக்கிறாய். உனக்கு ஏதாவது ஆகியிருந்தால் என் மகளின் முகத்தை நான் எப்படிப் பார்த்திருப்பேன்? முதலில் பிள்ளையின் அழுகை கேட்டது. உன் குரல் கேட்க வெகுநேரம் ஆனது. நர்ஸ் கதவைத் திறந்து, "ரெண்டு உசுரும் நல்லாருக்கு" என்றார். அவர் காலில் விழப்போனேன்.

அதற்குப் பிறகும் நீ நீண்ட நாள் இருந்தாய். பேரன் பேத்தி எடுத்தாய். பென்ஷன் வாங்கினாய். கண் ஆபரேஷன் என்றால் பயந்தேன், காய்ச்சல் என்றால் பயந்தேன், நீ என்னைக் கேலி செய்துகொண்டே எல்லாவற்றையும் தாண்டி வந்தாய். போன மாசியில் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. கல்யாணச் சாவு என்று ஊரே சொன்னது. எமன் கேட்டது உன்னைத்தான் என்றால், இத்தனை காலம் கழித்தா வந்து வாங்கிக்கொண்டு போவான்? ஒன்றுமே இல்லை, எல்லாம் தண்டும் வெளிச்சமும்தான் என்று இப்போதாவது என் மனசு ஆறவேண்டும்.

ஆறவில்லை. உன் காரியம் முடிந்து வீடு திரும்பிய அன்று ஒரு நினைப்பு வந்தது. எந்தக் கைக்கு மாறியதோ அந்தக் கை இப்போது இல்லை. அப்படியென்றால் அது எங்கே போயிருக்கும்? முதலில் யாரைக் கேட்டதோ அங்கேயே திரும்பிப் போயிருக்குமோ? என் மகள் இப்போது தலை நரைத்தவள், திருச்சியில் இருக்கிறாள், அவளே பேத்தி எடுத்துவிட்டாள். காரணமில்லாமல் அவளுக்குப் போன் போடுகிறேன். "என்னம்மா, இப்பத்தானே பேசுனோம்?" என்கிறாள். "ஒண்ணுமில்லை, சாப்பிட்டியா?" என்கிறேன்.

நீ இருந்தால் சிரிப்பாய். சிரித்துக்கொள். தினமும் காலையில் முகம் கழுவியதும் கொல்லைப்புறம் போய்த் தெற்கே பார்த்து நிற்கிறேன். சுவரைப் பிடித்துக்கொள்கிறேன். யார் காதிலும் விழாமல் எமனிடம் சொல்கிறேன்: "இங்கிட்டு வா. அவகிட்டப் போகாத. நான் இங்கதான் நிக்கிறேன்."